கூலியாட்கள் பகுதியில் கிடந்த ஒரு விதி

பகடை டிராயிங் போர்டின் மேல் உருண்டு போய், ஓரத்துப் பென்சில் பட்டியில் முட்டி நின்றது. மூன்று.

போர்டைப் படுக்கைவாட்டில் இறக்கி வைத்துத்தான் விளையாடுவோம். அன்றைக்கு ஒரு பக்கத் திருகை யாரோ சரியாக முறுக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் எது உருண்டாலும் என் பக்கமே வந்து சேர்ந்தது. மூன்று என்பதை நான்தான் முதலில் பார்த்தேன்.

மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டி, அட்டவணையில் விரலை ஓட்டி, மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். "உயிர்ப்புள்ளி சைபருங்க. வேலப்பன் செத்துட்டான்" என்றேன்.

ரங்கராஜ் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "செரீங்க மேடம்" என்றார்.

சனிக்கிழமை ஒரு மணிச் சங்கு ஊதி ஆட்கள் எல்லாம் போன பிறகு ஆபீஸில் அமோனியா வாடை மட்டும் தங்கியிருக்கும். பிரிண்ட் மெஷினை அணைத்து இரண்டு மணி நேரம் ஆனாலும் போகாது. அந்த வாடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பூங்கொடி தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அந்தக் கயித்த நான் எடுத்துக்கறனுங்க, அக்கா" என்றாள். செத்தவனின் சாமானை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது அந்த விளையாட்டில் வழக்கம்தான். ராமசாமி அண்ணன் விளக்கை எடுத்துக்கொண்டார். வேலப்பனை அங்கேயே விட்டுவிட்டுக் கதை மேலே போனது.

சீட்டாட்டம் இல்லை

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி கேன்டீன் உப்புமாவைப் பற்றி எழுதியபோது 'எங்கள் சனிக்கிழமை விளையாட்டு' என்று ஒரு வரி வந்துவிட்டது. அது என்ன, சீட்டாட்டமா என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், பெண்கள் இருந்த ஆபீஸில் சீட்டாட்டம் நடந்ததா என்று வருத்தப்பட்டே எழுதியிருக்கிறார். அவர் வருத்தப்பட வேண்டாம்.

இது கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். "நான் அந்தச் சுவரில் ஏறுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், ஏற முடிந்ததா, விழுந்தாரா என்பதைப் பகடையும் விதிப் புத்தகமும் சேர்ந்து சொல்லும். பலகை இல்லை, காய் இல்லை. ஒரு காகிதத்தில் உங்கள் பாத்திரத்தின் பெயர், பலம், உயிர்ப்புள்ளி எல்லாம் எழுதியிருக்கும். புள்ளி சைபருக்கு வந்தால் ஆள் முடிந்தான். முடிந்தான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகங்கள் மூன்று. டெஸ்டிங் மெஷின் பொருத்த வந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் கெஸ்ட் ஹவுஸில் விட்டுப் போனவை. திருப்பி அனுப்பட்டுமா என்று நான் கடிதம் எழுதினேன். வேண்டாம், விளையாட ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. எங்கள் கம்பெனி பம்பு செய்கிற கம்பெனி. நான் அந்தப் பம்புகளுக்குக் கையேடு எழுதுகிறவள். இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் கதையை நடத்தும் வேலையும் என் தலையில் விழுந்தது.

விளையாட வந்தவர்கள் மூன்று பேர். ராமசாமி அண்ணன் டிராப்ட்ஸ்மேன், அன்னூர்க்காரர், எங்களில் மூத்தவர். பூங்கொடி டிரேசர், வரைந்த டிராயிங்கை நகல் எடுக்கிறவள், எனக்கு நாலைந்து வயது இளையவள். ரங்கராஜ் பேட்டர்ன் ஷாப்பில், வார்ப்புக்கு மர அச்சு செய்கிற இடத்தில், இருந்தார். வேலப்பன் அவருடைய பாத்திரம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வெளியே எங்களைவிட இரண்டு 'ங்க' கூடப் போடுவார்.

இருபது முகம் உள்ள பகடை அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? ரங்கராஜ்தான் தேக்கில் ஒன்று செய்து கொடுத்தார். மூலை மழுங்கியதும் டூல் ரூமில் சொல்லி அலுமினியத்தில் ஒன்று வாங்கி, எண்களைத் தானே பஞ்ச் அடித்தார். அவர் அடித்த மூன்றுதான் அன்றைக்கு மேலே வந்து நின்றது.

எங்கே எழுதியிருக்கிறது?

அந்த மூன்று புத்தகங்களையும் ஒழுங்குபடுத்தியவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம்தான்.

சண்டை போடுவது எப்படி என்பது முதல் புத்தகத்தில். அடி பட்டதா இல்லையா என்று பார்க்கிற அட்டவணை மூன்றாவதில், அதுவும் கப்பல்களைப் பற்றிய பகுதிக்கு நடுவில். உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு புள்ளி போகும் என்பது இரண்டு இடத்தில் இருக்கும், இரண்டும் ஒத்துப் போகாது. பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்பதைக் குதிரை விலைப் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 'முன்பே விளக்கியபடி' என்று வரும். முன்னால் போய்த் தேடினால் ஒரு விளக்கமும் இருக்காது. சில விதிகளை விதியாகவே எழுதவில்லை. உதாரணக் கதை ஒன்றில் யாரோ கதவை உடைப்பான். அவன் என்னென்ன செய்தான் என்று பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். கட்டடத்துக்குள் இருந்தால் ஒரு அங்குலம் பத்து அடி. வெளியே வந்துவிட்டால் அதே அங்குலம் பத்து கெஜம். இதைக் கேட்ட ராமசாமி அண்ணன், "இப்பிடி ஸ்கேல் போட்டுக் குடுத்தா நம்ம சீஃப் அன்னைக்கே ஊட்டுக்குத் தாட்டி உட்டுருவாருங்க" என்றார்.

ஏன் அப்படி எழுதினார்கள் என்பது பல வருஷம் கழித்து ஓரளவு புரிந்தது. எழுதியவர்கள் தங்களோடு உட்கார்ந்து விளையாடியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு சிக்கல் வந்த அன்றைக்கு எந்தப் பக்கத்தில் இடம் இருந்ததோ அங்கே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் வழி கேட்டால் 'பழைய செக்போஸ்ட் தாண்டி லெப்டு' என்பார்கள். செக்போஸ்டை எடுத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். உள்ளூர்க்காரனுக்கு அது சரியான வழிதான்.

இப்போது வருகிற புத்தகங்கள் அப்படி இல்லை. தம்பி மகள் ஒன்றைக் காட்டினாள். சண்டை என்றால் எதிரெதிர் இரண்டு பக்கத்தில் சண்டை முழுவதும் இருக்கிறது. சாவு என்று போனில் அடித்தால் சாவைப் பற்றிய எல்லா வரியும் வந்து நிற்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது, கொஞ்சம் அலுப்பாகவும் இருந்தது. வாழ்க்கையில் பாதியைப் பக்கம் புரட்டியே கழித்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

பவானிக்காரர் தூக்கி வந்த மோட்டார்

ஒழுங்கைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு கையேட்டில் முதல் பக்கம் முதலாளியின் படம். இரண்டாம் பக்கம் வாழ்த்து. பிறகு கம்பெனி வரலாறு, பாகங்களின் பட்டியல், உத்தரவாத நிபந்தனைகள். எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில், 'தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டக் கூடாது.'

பவானிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கருகிப்போன பம்பு செட்டைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ரிசப்ஷனில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. கையேட்டை என்னிடம் நீட்டி, "ஏனுங்க அம்மணி, இது எங்கீங்க எழுதியிருக்குது?" என்றார். நான் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதையே வெகு நேரம் பார்த்தார். "அவ்வளவு தூரம் யாருங்க போவாங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்கைச் சுருட்டினார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கையேட்டிலும் செய்யக் கூடாதது முதல் பக்கத்தில்தான். முதலாளி படத்தை உள்ளே தள்ளியதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அளவுக்கு அதில் பிடிவாதம். ஆனால் அந்தப் பிடிவாதமெல்லாம் பம்புக்குத்தான். சனிக்கிழமை மத்தியானத்துக்கு நான் அதைக் கொண்டு போகவில்லை. மூன்று புத்தகங்களில் சண்டையையும் அட்டவணைகளையும் மட்டும் படித்து வைத்துக்கொண்டு கதையை ஓட்டினேன். மற்றதைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் என் மடியில்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகம் எப்போதும் என் மடியில்தான் இருக்கும். வேறு யாரும் தொட மாட்டார்கள்.

தொடக் கூடாது என்று நான் சொன்னதில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. கதையை நடத்துகிறவள் ஒன்று சொல்லிவிட்ட பிறகு, "எங்கே காட்டுங்க" என்று கை நீட்டுவது அவளை நம்பவில்லை என்று சொல்வதுதான். விருந்துக்கு வந்தவர் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாரா? உப்புப் போதவில்லை என்றால்கூட "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

வேலப்பன் போன பிறகு புதிதாக ஒரு பாத்திரம் போட்டுக்கொள்ளுங்கள் என்று ரங்கராஜிடம் சொன்னேன். "வேண்டாமுங்க, இருக்கட்டுமுங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை வந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தார். நாங்கள் விளையாடுவதைப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். அந்த இரண்டு சனிக்கிழமையும் கதையில் வேலப்பன் விழுந்த அதே நாள்தான் ஓடியது. அந்தச் சுரங்கத்தில் ஒவ்வொரு அறையாகத் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தோம். இரண்டாம் சனிக்கிழமை முடிவில்தான் பூங்கொடியும் ராமசாமி அண்ணனும் ஓரிடத்தில் படுத்து, கதையில் பொழுது விடிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை ரங்கராஜ் வரவில்லை. கொஞ்ச நாளில் பெருந்துறை யூனிட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த வருஷம் அது. வாரம் முழுவதும் வேலை, வீடு, ஆஸ்பத்திரி. அவர் சத்தமாகச் சிரித்து நாங்கள் பார்த்தது சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். அதைத்தான் நான் ஒரு மூன்றை வைத்து முடித்துவிட்டேன். அப்போது எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ரோஷமா என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடைவு போட்ட கதை

இவ்வளவும் முப்பது வருஷத்துக்கு முந்தியது. இப்போது எனக்கு அறுபத்து நான்கு. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று காத்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் கோயமுத்தூரிலேயேதான் இருக்கிறோம். விளையாடி வெகு காலம் ஆகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ராமசாமி அண்ணன் போன் செய்தார். பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் ரங்கராஜைப் பார்த்தாராம். மூட்டு ஆபரேஷனுக்காக வடவள்ளியில் மகள் வீட்டுக்கு வருகிறாராம். "மேடங்கிட்ட அந்தப் புஸ்தகம் இன்னும் இருக்குதுங்களான்னு கேட்டாருங்க அம்மணி. ஆப்ரேசனுக்கு முன்னால ஒரு சனிக்கெழமை ஒக்காரலாமுங்களா?"

நான் சரி என்றேன். போனை வைத்ததும் பழைய பெட்டியை இறக்கச் சொல்லிப் புத்தகங்களை எடுத்தேன். ஸ்டேப்ளர் பின்னெல்லாம் துருப்பிடித்துப் பக்கங்களில் கறையாகியிருந்தது. இந்தத் தடவையாவது யாரையும் காக்க வைக்காமல் நடத்த வேண்டும் என்று தோன்றியது. அதனால் அந்த மூன்று புத்தகத்துக்கும் அடைவு போட உட்கார்ந்தேன். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் அகர வரிசையில் போடுவார்களே, அது. அவர்கள் போடாததை நான் போட்டேன். நீள நோட்டில், தமிழில்.

அடைவு போட வேண்டுமென்றால் எல்லா வரியையும் படிக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் புத்தகங்களை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

மூன்றாம் புத்தகத்தில் 'கூலியாட்கள்' என்று ஒரு பகுதி. சுரங்கத்துக்குள் போகும்போது பந்தம் பிடிக்க, மூட்டை தூக்க ஆள் வைத்துக்கொள்வதைப் பற்றியது. அந்தப் பக்கத்தை நாங்கள் திறந்ததே இல்லை. முதல் சனிக்கிழமையே ராமசாமி அண்ணன், "பந்தம் புடிக்க எதுக்குங்க ஆளு? நாமளே புடிச்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் ஆமாம் என்றோம். சொந்த மூட்டையைச் சொந்தமாகத் தூக்கிப் பழகிய ஊர். கற்பனையில்கூட ஆள் வைக்க மனசு வரவில்லை.

அந்தப் பகுதியில், ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. 'உயிர்ப்புள்ளி சைபருக்கு வந்த கூலியாள் இறப்பதில்லை, நினைவிழந்து கிடப்பான். இது தலைமைப் பாத்திரங்களுக்கும் பொருந்தும்.'

மூன்று தடவை படித்தேன். சாவைப் பற்றிய விதியைச் சண்டையில் போடாமல், சாவில் போடாமல், கூலி கொடுக்கிற இடத்தில் கொண்டு போய் வைத்திருக்கிறான். நோட்டில் 'மயக்கம் — கூலியாட்கள் பகுதியில் பார்க்க' என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அன்றைக்கு அதற்கு மேல் ஓடவில்லை. மறுநாள் கோட்டை கட்டுவதைப் பற்றிய அடுத்த பகுதியிலிருந்து தொடர்ந்தேன்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது

ரங்கராஜிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் முப்பது வருஷத்துக்குப் பிறகு அவரிடம் தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால், தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுக்க வேண்டும். பூங்கொடிக்குப் போன் செய்தேன்.

நான் பாதி சொல்வதற்குள் அவள், "அந்தக் கூலியாள் பக்கமுங்களா அக்கா? அது எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"ரங்கராஜ் அண்ணன் மாத்தல் ஆகிப் போனதுக்கப்பறம் ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தீங்களே. அப்பப் பாத்தனுங்க."

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"அவரே போயிட்டாருங்க. சொல்லி என்னங்க ஆவுது? உங்க மனசு சங்கடப்படுமேன்னுதானுங்க."

ராமசாமி அண்ணனுக்குப் போன் செய்தேன். அவரும் பார்த்திருக்கிறார், அதே ஜெராக்ஸில், அதே வருஷம். "உங்களத் தப்புன்னு நானே சொல்லிப்போட்டா அப்பறம் யாருங்க அம்மணி கதைய நடத்தறது?" என்றார். ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்டதைப் போலத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. நம் ஊர் மரியாதையை எல்லோரும் புகழ்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர்கூட 'ஏறுங்க' என்கிறார், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் கூரை ஒழுகுகிறது என்பதை வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, ஒருவரும் சொல்லாமல், நனையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவது என்ன மரியாதை? அறுபத்து நான்கு வயதில் இதை எண்ணி அலுத்துக்கொள்ளத்தான் முடிகிறது. நானும் அப்படித்தான் எத்தனையோ வீட்டில் காபி குடித்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை

மூன்று மணிக்கு ரங்கராஜ் வந்தார். மகள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். கையில் தடி. தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசற்படி ஏற ராமசாமி அண்ணன் கை கொடுத்தார், அவருக்கே ஒரு கை தேவைப்படும் வயதில்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்தோம். வறுத்த கடலை வைத்திருந்தேன். அலுமினியப் பகடையை நடுவில் வைத்தேன். ரங்கராஜ் அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, "ஏழு கொஞ்சம் கோணலா அடிச்சுப்போட்டனுங்க" என்றார். மூட்டு, டாக்டர், பேரன் படிப்பு என்று பேச்சு ஓடியது. விட்டால் ஐந்து மணி வரை அப்படியே ஓடியிருக்கும்.

"ரங்கராஜ், ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். "அன்னைக்கு வேலப்பன் சாகலைங்க. நாந்தான் புஸ்தகத்த முழுசாப் படிக்காமச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னுதுங்க."

"அட உடுங்க அம்மணி, அது எந்தக் காலத்துக் கதை" என்றார் ராமசாமி அண்ணன். பூங்கொடி கடலைத் தட்டை ரங்கராஜ் பக்கம் நகர்த்தினாள்.

ரங்கராஜ் கடலையை எடுக்கவில்லை. 'பரவாயில்லீங்க' என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். இந்த ஊரில் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"ஆமாங்க மேடம்" என்றார். "தப்புத்தானுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் முப்பது வருஷத்தில் ஒரு ஆள் ஆமாம் என்று சொல்லிவிட்டாரே என்று ஆறுதலாகவும் இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அந்தத் திங்கக்கெழமையே தெரியுமுங்க. நீங்க கேன்டீனுக்குப் போயிருந்தீங்க. புஸ்தகம் மேசை மேல இருந்துதுங்க. நின்னுட்டே படிச்சனுங்க."

"அப்பறம் ஏனுங்க கேக்கல?"

"புஸ்தகம் உங்க கையில இருந்துதுங்களே" என்றார். "நீங்களே பாத்துட்டுச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஏதோ பழைய டிராயிங் பிரிண்டின் பின்பக்கம். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. மேலே வேலப்பன் என்று அவர் கையெழுத்து. உயிர்ப்புள்ளிக் கட்டத்தில் சைபர். பக்கத்தில் பென்சிலில் 'மயக்கம்' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சட்டென்று உற்சாகம் வந்துவிட்டது. "அப்பச் செரீங்க, அவன் இன்னும் மயக்கத்துலதானே கெடக்கறான். பூங்கொடியும் அண்ணனும் திரும்பிப் போய்த் தூக்கிட்டு வரட்டும். இன்னைக்கு அங்கிருந்தே ஆரம்பிச்சரலாமுங்க" என்றேன். விதியைப் படித்துக் காட்டுவதற்காகப் புத்தகத்தைப் பிரித்தேன்.

"அடுத்த பக்கம் பாத்தீங்களாங்க?" என்றார் ரங்கராஜ்.

பக்கத்தைத் திருப்பினேன். மேலே, புதுப் பகுதி தொடங்குவதற்கு முன்னால், ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சத்தமாகப் படித்தேன். "விழுந்தவனை மறுநாள் பொழுது விடிவதற்குள் தோழர்கள் எடுத்துக் கட்டுப் போட வேண்டும். எடுக்காவிட்டால் அவன் இறந்தவனே."

ரங்கராஜ் பகடையைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"ரெண்டு சனிக்கெழமை வந்தனுங்க" என்றார். "ரெண்டும் கதையில ஒரே நாளுதானுங்க. இன்னும் பொழுது இருக்குதுன்னு ஒக்காந்திருந்தனுங்க. ரெண்டாவது வாரம் சாயங்காலம் நீங்க 'பொழுது விடிஞ்சுதுங்க'ன்னு சொன்னீங்க. அப்பறம் வந்து என்னங்க பண்ணறது?"

பூங்கொடி தலை குனிந்துகொண்டாள். "கயித்த நாந்தானுங்க எடுத்தேன்" என்றாள்.

நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பவானிக்காரரின் கருகிய பம்பைப் பார்த்த பிறகு, ஆயுசு முழுக்கக் கையேடு எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். அந்த விதியை முப்பது வருஷம் படிக்கவில்லை. கண்டுபிடித்த அன்றைக்கும் பக்கத்தைத் திருப்பவில்லை. புத்தகத்தை எழுதியவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"இப்ப என்னங்க பண்ணலாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே களைப்பாகக் கேட்டது.

"புதுசா ஒரு ஆளு போடுங்க மேடம்" என்றார். வேலப்பனின் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இந்த வாட்டி பந்தம் புடிக்க ஒரு கூலியாள மொதல்லயே வெச்சுக்கலாமுங்க. உழுந்தாத் தூக்கறதுக்கு ஒருத்தன் வேணுமுங்களே." கொஞ்சம் நிறுத்தி, "அப்பறம் புஸ்தகம்…" என்றார். அவர் கண் என் மடிக்குப் போனது.

நானும் குனிந்து பார்த்தேன். படித்து முடித்ததும் அதைத் திரும்ப மடியில் வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை.

எடுத்து மேசை நடுவில், கடலைத் தட்டுக்குப் பக்கத்தில், விரித்து வைத்தேன். சிறிது நேரம் ஒருவரும் அதைத் தொடவில்லை. பூங்கொடி கடலைத் தோலை ஊதிவிட்டாள். ராமசாமி அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ரங்கராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.